ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே
பதின்பருவம் – 9

மணிமங்கலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே டீக்கடை திறந்துவிடும். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கழுத்தில் டேக், தோளில் பை, கண்ணில் மிச்சத் தூக்கம். ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் போகிற பிள்ளைகள். அதே நேரத்துக்குத்தான் பேப்பர் கட்டும் வந்து இறங்கும்.

போன மாதம் ஒரு நாள் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில் ஆறு வரிச் செய்தி. பைக் திருட்டு, மூன்று பேர் பிடிபட்டிருந்தார்கள். இரண்டு பேருக்குப் பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாம் இருந்தது. மூன்றாவது ஆள் வெறும் '17 வயதுச் சிறுவன்'. பெயர் போடக் கூடாது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவன் ஊர் இருந்தது. தெரு இருந்தது. எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு என்பது இருந்தது. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதும் இருந்தது.

பேப்பரைச் சுற்றி நான்கு தலைகள் குனிந்தன. "அந்த வேன் ஓட்றவர் புள்ளதானே?" என்றார் ஒருவர். "பெரியவனா, சின்னவனா?" என்றார் இன்னொருவர். "சின்னவன்தாம்பா பன்னெண்டாவது." முடிந்தது. என் கையிலிருந்த கிளாஸின் சூடு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பையனின் ஊர் எதுவென்று இங்கே எழுதமாட்டேன். மணிமங்கலத்தைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான். ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே என்பார்கள் நம் பெரியவர்கள். பட்டணத்துக்கு அது பொருந்தும். அண்ணா நகர், 17 வயது என்று போட்டால் யாரென்று எவருக்குத் தெரியப்போகிறது? நானூறு வீடுள்ள ஊரில் ஊரைச் சொன்னாலே பாதிப் பேரைச் சொன்ன மாதிரி. தெருவையும் பள்ளியையும் சேர்த்துவிட்டால் மீதியும் வந்துவிடும்.

இது நாகரிகம் சார்ந்த விஷயம் மட்டும் இல்லை, சட்டமே இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம், 2015. அதன் 74-வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட சிறாராக இருந்தாலும், பாதிக்கப்பட்ட சிறாராக இருந்தாலும், சாட்சியாக இருந்தாலும், பெயர், முகவரி, பள்ளி உட்பட அடையாளம் தெரியவைக்கும் எந்த விவரத்தையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இன்னும் விரிவாகப் போய், குடும்ப விவரத்தையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நம் செய்தி அறைகளில் இந்த இரண்டு பிரிவுகளும் 'பெயர் போடாதே, முகத்தை மங்கலாக்கு' என்ற இரண்டு வேலையாகச் சுருங்கிவிட்டன. முகத்தை மங்கலாக்கிய வீடியோக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மங்கலாக்கிய முகத்துக்குப் பின்னால் வீட்டுக் கதவின் பச்சைப் பெயின்ட், வாசலில் நிற்கும் மொபெட், அதன் நம்பர், குரல் மாற்றப்படாமல் அழும் அம்மா. ஊர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

மணிமங்கலத்துக்குப் பெயர் வெளியில் தெரிவது புதிதில்லை. சாளுக்கியன் புலிகேசியைப் பல்லவன் நரசிம்மவர்மன் வென்ற களங்களில் பரியளம், சூரமாரம் என்ற ஊர்களோடு மணிமங்கலத்தையும் கூரம் செப்பேடு சொல்கிறது. வென்றவன் பெயர், தோற்றவன் பெயர், களத்தின் பெயர் எல்லாம் செம்பில் வெட்டப்பட்டிருக்கின்றன. அது புறம். புறத்துக்குப் பெயர் வேண்டும். அகத்துக்கு? அகப்பாடலில் யாரையும் பெயர் சுட்டிப் பாடக் கூடாது என்று விதி வகுத்தது தொல்காப்பியம். தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். ஊரே அறிந்த காதலானாலும் பாட்டில் பெயர் கிடையாது. பிள்ளைகளின் மனம் சம்பந்தப்பட்ட இடத்தில் பெயரை எடுத்துவிடு என்பது நாடாளுமன்றம் நமக்குப் புதிதாகக் கற்றுத்தந்த பாடம் இல்லை.

அகப்பாடல்களில் கண்டோர் என்று சிலர் வருவார்கள். வீட்டைவிட்டுப் புறப்பட்டு வழியில் போகும் ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் எதேச்சையாகப் பார்த்தவர்கள். குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் அவர்கள் கண்ணுக்குப் படுவது கால்கள். அவன் காலில் கழல், அவள் காலில் இன்னும் கழற்றாத சிலம்பு. யாரோ பாவம் என்று அவர்கள் மனம் இளகுகிறது. கலித்தொகையில் மகளைத் தேடிப் போகும் செவிலி எதிரே வரும் துறவிகளிடம் விசாரிக்கிறாள். அவர்கள் பார்த்ததாகவே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, சந்தனத்தையும் முத்தையும் யாழின் இசையையும் எடுத்துக்காட்டி, பிறந்த இடத்துக்கே எல்லாம் பயன்படுவதில்லை அம்மா என்று அவள் மனத்தை ஆற்றி அனுப்புகிறார்கள். இன்றைக்கு இந்தக் கண்டோரின் இடத்தில் இருப்பது ஊடகம். அதே நிகழ்வை அது எழுதும்போது கிடைக்கும் தலைப்புகளை நீங்களே அறிவீர்கள்: 'பள்ளி மாணவி மாயம்', 'வாலிபருடன் ஓட்டம்', 'போக்சோவில் தூக்கிய போலீஸ்'. அந்தப் பையனைக் குறிக்கச் செய்திகளில் 'விடலை' என்றொரு சொல் வரும். சங்கப் பாட்டில் அது பாலை நிலத் தலைவனுக்குரிய மதிப்பான பெயர். நாம்தான் அதைப் பொறுக்கித்தனத்தின் மறுபெயராக்கிவிட்டோம்.

நீதிமன்றம்கூட ஊடகத்தைவிட நிதானமாக இருந்திருக்கிறது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஈரோடு வழக்கு ஒன்றை ரத்து செய்தபோது, பதின்வயதுக் காதலர்களைக் குற்றவாளிகளாக்குவது போக்சோ சட்டத்தின் நோக்கம் இல்லை என்று விரிவாக எழுதினார். அந்தத் தீர்ப்பில் வளரிளம் பருவத்தின் உடலும் மனமும் பற்றி இருந்த அக்கறை நம் மாவட்டப் பக்கங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

'புள்ளிங்கோ' என்ற சொல்லையும் பேசியாக வேண்டும். 'பிள்ளைங்க' என்பதன் சென்னைப் பேச்சு வடிவம். தாய் தன் மக்களைக் கூப்பிடும் சொல். 2019-ஐ ஒட்டி ஒரு கானாப் பாட்டு பரவியதில் தமிழ்நாடு முழுக்க அது தெரிந்தது. தங்களைத் தாங்களே அப்படி அழைத்துக்கொண்ட பையன்களிடமிருந்து அந்தச் சொல்லை ஊடகம் எடுத்துக்கொண்டு, செம்பட்டை முடி, பைக் சைலன்சர், கத்தி என்ற மூன்றையும் அதில் கட்டிவிட்டது. அதற்கப்புறம் முடிக்குச் சாயம் பூசிய ஏழைப் பையன் எவனும் சந்தேகத்துக்குரியவன். படப்பை பக்கம் ஒரு லேத் பட்டறையில் ஒரு பையனைப் பார்த்தேன். முன்முடி பொன்னிறம், கைவிரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு. மைக்ரோமீட்டரை வைத்து அளவு பார்த்துவிட்டு, "பத்து மைக்ரான் தள்ளுது அண்ணே" என்று முதலாளியிடம் சொன்னான். அந்த வயதில் மைக்ரான் கணக்கில் கை பழகியவன் அவன். அவனை மாலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் படம் பிடித்தால் அந்தப் படத்தில் அவன் தலைமுடி மட்டும்தான் வரும்.

ஊடகம் கொண்டாடும் பதின்வயதும் உண்டு. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் அன்று வாயில் இனிப்பு ஊட்டும் பெற்றோர், நடுவில் மாநில முதலிடம். முப்பது நாற்பது வருடம் நாம் பார்த்த ஒரே படம். 2017 மே மாதம் தமிழக அரசு முதல் மூன்று இடம் அறிவிப்பதையே நிறுத்தியது. மறுநாள் பேப்பரில் முதன்முறையாக அந்த முகம் இல்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஒரு பிம்பம் பல லட்சம் பிள்ளைகளை அழுத்துகிறது என்று ஓர் அரசுக்குத் தோன்றி, ஓர் உத்தரவில் அதை நிறுத்த முடிந்திருக்கிறது. தனியார் பள்ளிகளின் பிளெக்ஸ் போர்டுகள் இன்னும் இருக்கின்றன என்பது வேறு.

முதலிடம் வாங்காத, திருடாத, ஓடிப்போகாத பிள்ளை செய்தியில் வர வேண்டுமானால் செத்துப்போக வேண்டியிருக்கிறது. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். 2022 ஜூலை 13 அன்று கள்ளக்குறிச்சி அருகே ஒரு பள்ளி விடுதியில் பிளஸ் டூ மாணவி இறந்தார். 17-ஆம் தேதி கலவரம். அந்த நாட்களில் அந்தப் பெண்ணின் பெயர், படம், கையெழுத்து, குடும்பத்துச் சங்கதி எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. ஆளாளுக்கு யூடியூபில் துப்பறிந்தார்கள். இணையாக விசாரணை நடத்துவோர் மீது நடவடிக்கை வரும் என்று சென்னை உயர் நீதிமன்றம் எச்சரிக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் நாங்குநேரி. பட்டியல் சமூகத்து மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். வெட்டுப்பட்ட பையனின் பெயர் நாடறியும், நான் இங்கே எழுதவில்லை. அவன் தேறி வந்து நல்ல மதிப்பெண் எடுத்ததைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அரிவாள் எடுத்த பதினேழு வயதை விளங்கிக்கொள்ள யார் முயன்றார்கள்? ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு முயன்றார். 2024 ஜூனில் அவர் அரசிடம் கொடுத்த அறிக்கை, மாணவர் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை இறங்கிப் பேசியது. தொலைக்காட்சி விவாதங்கள் கயிற்றோடு நின்றுகொண்டன.

சினிமா சில இடங்களில் செய்தியைவிடக் கண்ணியமாக நடந்துகொண்டது. பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) பிளாட்பாரக் கடையில் வேலை பார்க்கும் பையனையும் வீட்டு வேலை செய்யும் பெண்ணையும் அவர்கள் கைவேலையோடு காட்டியது. விஜய் மில்டனின் 'கோலி சோடா'வில் (2014) கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் நான்கு பையன்கள் கேட்பது ஓர் அடையாளத்தை. படப்பை பக்கத்துப் பட்டறைப் பையன்கள் பலர் 'கோலி சோடா'வை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்துக்கு வருகிறேன். இங்கே பதின்பருவம் முடிவதில்லை, வேலைக்குச் சேருகிறது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கியபோது பிளஸ் டூ முடித்த கையோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். நீலக் கோட்டும் தொப்பியுமாக அவர்கள் சிரிக்கும் படங்கள் புதிய தமிழ்நாட்டின் முகம் என்று இதழ்களில் வந்தன. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. அடுத்து வந்தவை கேட்டுக்கு வெளியே அழும் படங்கள். சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் எட்டு வருடம், அந்தப் பிள்ளைகள் என்ன சம்பாதித்தார்கள், யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், கை மணிக்கட்டு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து எழுதியவர்கள் மிகக் குறைவு.

2021 டிசம்பர் இன்னும் நெருக்கமான உதாரணம். ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்களின் நிலை தெரியாமல் 17-ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மார்கழிப் பனியில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயது. பதினெட்டும் பத்தொன்பதும் அதில் உண்டு. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபர் கைதானார். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்களோடு காஞ்சிபுரம் ஆட்சியர் மா. ஆர்த்தி வீடியோ காலில் பேசிக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த இரவை ஊடகம் இரண்டு விதமாகச் சொன்னது. ஒன்று, 'வதந்தியை நம்பித் தெருவுக்கு வந்த பெண்கள்'. இன்னொன்று, 'போக்குவரத்து பாதிப்பு'. இரண்டிலும் அவர்கள் விவரம் தெரியாத சின்னப் பெண்கள். ஆனால் அவர்கள் கேட்டது மிகத் தெளிவான ஒரே கேள்வி: ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எங்கள் ரூம் பொண்ணு எங்கே? பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் வதந்தி புகுந்தது. தரையில் படுக்கை, ஒரே அறையில் ஏகப்பட்ட பேர், தண்ணீர் வராத கழிப்பறை என்று அவர்கள் சொன்னவை பிறகுதான் எழுதப்பட்டன. அந்த மாதம் முடிவதற்குள் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை திறக்க ஜனவரி 12 ஆயிற்று. உலகத்தின் பெரிய நிறுவனம் ஒன்றை அந்த விடுதிகளைத் திரும்பிப் பார்க்கவைத்த பதினெட்டு, பத்தொன்பது வயதுகள் என்று ஒரு தலைப்பு அன்று வந்திருக்கலாம். வந்திருந்தால் இன்று பிளஸ் ஒன் படிக்கும் அவர்கள் தங்கைகள் அதை வெட்டி வைத்திருப்பார்கள்.

இந்த வட்டாரப் பிள்ளைகளோடு நேரடியாகப் பேசும் ஊடகம் என்று ஒன்று உண்டென்றால் அது மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்தான். 'ஆட்கள் தேவை. வயது 18 முதல் 25. பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ. பாஸ் / ஃபெயில். உணவு, பஸ் வசதி உண்டு. உடனடி வேலை.' அதே வாசகம் ஏஜென்ட்டுகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஓடும். ஃபெயிலானவனையும் சேர்த்துக் கூப்பிடும் குரல் அது ஒன்றுதான் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் இதழ்களும் உண்டு: 'ஊஞ்சல்' 4, 5-ஆம் வகுப்புகளுக்கு, 'தேன்சிட்டு' 6 முதல் 9 வரைக்கும். பிள்ளைகள் எழுதியதும் வரைந்ததும் அதில் அச்சாகும். பத்தாவது போனதும் அந்த இதழ் நின்றுவிடுகிறது. சரியாக அந்த வயதில்தான் கம்பத்து நோட்டீஸைப் பையன்கள் நின்று படிக்கத் தொடங்குகிறார்கள்.

பதினெட்டு முடிந்த மறுநாள் ஏஜென்ட் கேட்பது ஆதார், டி.சி., வங்கிப் புத்தகம். சில கம்பெனிகள் போலீஸ் சரிபார்ப்பும் கேட்கும். இங்கேதான் 74-வது பிரிவின் இரண்டாம் பாதி வருகிறது, பலருக்குத் தெரியாத பாதி. வழக்கு முடிந்துவிட்ட சிறாரின் ஆவணத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது. அதே சட்டத்தின் 24-வது பிரிவு, சிறுவயதுக் குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அந்தத் தீர்ப்பு ஆவணங்களை அழிக்கச் சொல்கிறது. மிகக் கொடிய குற்றங்களில் மட்டும் விலக்கு. மனிதன் திருந்துவான் என்று நம்பி எழுதப்பட்ட சட்டம் இது. படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது உண்டு.

ஸ்டேஷனில் பேப்பரை அழித்தாயிற்று. செல்போனில் இருப்பதை?

இந்த வாரம் எழுத உட்காரும் முன் ஒரு பையனையும் அவன் அம்மாவையும் போய்ப் பார்த்தேன். பைக் செய்தியில் வந்த பையன் இல்லை, வேறு ஒருவன். பதினைந்து வயதில் பள்ளி வாசலில் நடந்த அடிதடி ஒன்றில் அவனும் நின்றிருந்தான். வழக்கு சிறார் நீதிக் குழுமத்தில் முடிந்துவிட்டது. அன்று ஒரு யூடியூப் சேனல் போட்ட இரண்டு நிமிட வீடியோ மட்டும் இன்னும் இருக்கிறது. முகம் மங்கல். சட்டை தெரிகிறது, நடை தெரிகிறது, பின்னால் அவர்கள் தெருக் கோயிலின் கோபுரம் தெரிகிறது. அடுத்த மாதம் அவனுக்குப் பதினெட்டு.

"தெனமும் காலைல எழுந்ததும் அதத்தான் சார் பாக்கறான்" என்றார் அம்மா.

"எதற்குத் தம்பி?"

"எத்தினி பேர் பாத்திருக்காங்கன்னு பாப்பேன் சார். நேத்து ராத்திரி பதினோரு பேர் ஏறியிருக்கு." போனைக் கீழே வைத்தான். "யாரு சார் அந்தப் பதினோரு பேரு? ஏஜென்ட்டா இருக்குமா?"

புகார்ப் படிவத்தைத் திறந்து, 74-வது பிரிவைச் சொல்லி, வீடியோவை எடுக்கக் கேட்டு எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவனே தட்டினான். தமிழ் டைப்பிங் வேகம், ஒரு பிழை இல்லை. கடைசிக் கட்டத்தில் முழுப் பெயர் கேட்டது. அவன் விரல் நின்றது.

"பேரு போட்டே ஆவணுமா சார்?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என் பேரைப் போடுடா."

(தொடரும்)